மீன்குஞ்சின் இரண்டு இதயங்கள்

சாம்பியன் ரீப்ஸ்
6 ஆகஸ்ட் 2000

அன்புள்ள தேவிகா,

நான் உன் அண்ணனைக் கட்டிக்கொண்டதால் உனக்கு அண்ணி. நீ என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்ததும் எனக்கு அண்ணி. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற வீட்டில் இந்தக் கூத்து உண்டு. அதுவரை பள்ளிக்கூடத்தில் கூப்பிட்ட மாதிரி தேவி என்றே கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

குழந்தை போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. நீ வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு யாரும் அவளைப் பற்றிப் பேசுவதில்லை. பெயர் வைப்பதற்குள் போய்விட்டதால் எப்படிப் பேசுவது என்றும் தெரியவில்லை போலிருக்கிறது. உன் அண்ணன் மறுநாளே ஷிப்டுக்குப் போய்விட்டார். தங்கச் சுரங்கத்துக்குள் முட்டுமரம் கட்டுகிற இடத்தில் உட்கார்ந்து அழுதார் என்று கூட வேலை செய்கிறவர் சொன்னார். வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார். இதயம் சரியாக உருவாகவில்லையாம். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அத்தைக்கு, அதாவது உன் அம்மாவுக்கு, அந்தச் சிரமமே இல்லை. "கொடத்த தூக்காதன்னு சொன்னேன், கேட்டியா? மாங்கா திங்காதன்னு சொன்னேன், கேட்டியா?" என்று காரணங்களைத் தினம் ஒன்றாக எடுத்து வைக்கிறாள். தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டி வைத்திருக்கிற சயனைடு மேட்டிலிருந்து காற்றில் வருகிற வெள்ளைத் தூசிதான் காரணம் என்று பக்கத்து வீட்டு ஃப்ளோரா அக்கா சொல்கிறாள். அந்தத் தூசியைத் தின்றுதான் இந்த ஊரே வளர்ந்தது.

நீ நாள் முழுக்க மீன்குஞ்சின் இதயத்தைத்தானே பார்க்கிறாய்? எனக்குச் சொல். ஓர் இதயம் ஏன் சரியாக உருவாகாமல் போகிறது? நான் எதைச் செய்தேன், எதைச் செய்யாமல் விட்டேன்?

உன்
சுமா

*

பெங்களூர்
15 ஆகஸ்ட் 2000

அன்புள்ள சுமா,

இன்று விடுமுறை, ஆனால் மீன்களுக்குச் சுதந்திர தினம் கிடையாது. விடிந்ததும் முட்டை இட்டுவிட்டன. அதனால் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் மீன் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. உடம்பில் நீலக் கோடுகள். முட்டை கண்ணாடி மாதிரி இருப்பதால் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். காலையில் ஒரே செல்லாக இருந்தது மறுநாள் காலையில் இதயம் துடிக்கிற குஞ்சாகிவிடும். முதல் முறை அதைப் பார்த்தபோது நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்க எனக்கு மனமே வரவில்லை.

இதயம் முதலிலேயே நடுவில் இருப்பதில்லை, தெரியுமா? வலப்பக்கம் கொஞ்சம் செல்கள், இடப்பக்கம் கொஞ்சம் செல்கள். இரண்டு கூட்டமும் நகர்ந்து வந்து நடுவில் சேர வேண்டும். அதற்கு ஒரு புரதம் தேவை. அது செல்லின் சவ்வில், அதாவது அதன் தோலில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நிற்கும். வாசலில் நிற்கிற ஆள் வெளியே வந்த சேதியை உள்ளே சொல்வதுபோல அது சொல்லும். அந்தப் புரதம் இல்லாவிட்டால் இரண்டு கூட்டமும் சேராது. குஞ்சுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன இதயங்கள் தனித்தனியாகத் துடிக்கும். ரத்தம் எங்கும் போகாது. இரண்டொரு நாளில் துடிப்பு நின்றுவிடும்.

என் வேலை இந்தப் புரதத்தின் முதல் சில மணி நேரத்தைப் பற்றியது. அப்போது கருவிடம் சொந்தமாக ஒன்றுமே இருக்காது. தாய் முட்டைக்குள் என்ன வைத்து அனுப்பினாளோ அதைக்கொண்டுதான் எல்லாம் நடக்கும். தாய் வைக்க மறந்தால் கரு தேறாது. இதை நிரூபிக்கத்தான் இரண்டு வருடமாக மாரடிக்கிறேன்.

எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று உனக்குத் தெரியும். நீ சாப்பிடுகிறாயா? பால் கட்டிக்கொண்ட வலி குறைந்ததா? இதற்கு மட்டுமாவது ஒழுங்காகப் பதில் எழுது.

அன்புடன்
தேவி

*

ஊரிகம்
3 செப்டம்பர் 2000

தேவி,

மேலே எழுதியிருக்கும் ஊரைப் பார். நான் அப்பா வீட்டில் இருக்கிறேன்.

உன் கடிதம் வந்தபோது நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். தபால்காரர் அத்தை கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பெங்களூரிலிருந்து உன் கடிதம் வந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும்? உனக்குத் தெரியாதா? நீ பிறந்து வளர்ந்த வீடு. யார் பெயருக்கு வந்தாலும் உன் அண்ணன் ஷிப்டு முடிந்து வந்து குளித்ததும் உரக்கப் படிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். மூங்கில் தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஃப்ளோரா அக்கா வீடும் கேட்கும்.

அவர் படித்தார். நீலக் கோடு, கண்ணாடி முட்டை என்றதும் அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. தாய் வைக்க மறந்தால் கரு தேறாது என்ற இடம் வந்ததும் "இன்னொரு வாட்டி படி" என்றாள். அவர் படித்தார். "கேட்டியா ஃப்ளோரா? நான் சொன்னா மாமியாக்காரி சொல்றான்னுவாங்க. என் பொண்ணே எழுதிகீறா. பெத்தவ வெக்கலைன்னா கொழந்தைக்கு எங்கேர்ந்து வரும்?" என்றாள்.

அது மீனைப் பற்றி என்று சொன்னேன். பால் கட்டியதைக்கூடப் பக்கத்து வீடு வரைக்கும் படித்துவிட்டார்களே என்ற வெட்கத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"கொஞ்ச நாளு உங்கப்பன் வூட்ல இருந்துட்டு வா" என்று அத்தை சொன்னாள். அவள் என் அப்பாவின் கூடப் பிறந்தவள். சின்ன வயதில் எனக்குத் தலை பின்னிவிட்டவள். உன் அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ரயிலேற்றிவிட்டார். அடுத்த ஸ்டேஷன்தான். இதுவரை வந்து பார்க்கவில்லை.

நான் ஒரு கேள்வி கேட்டேன். நீ உன் பாடத்தை எழுதிவிட்டாய்.

சுமா

*

பெங்களூர்
9 செப்டம்பர் 2000

சுமா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை. நீ இன்னும் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

நான் எழுதியது தப்பில்லை, ஆனால் அது உன் கேள்விக்குப் பதில் இல்லை. தாய் வைத்து அனுப்புவது மீன்முட்டையில் முதல் சில மணி நேரத்துக்கு மட்டும்தான். இதயம் சேருகிற நேரத்தில் அது தீர்ந்துபோயிருக்கும். அப்போது அந்தப் புரதத்தைக் கருவே செய்துகொள்ள வேண்டும். அதற்கான மரபணு இரண்டு பிரதியாக இருக்கும். ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. ஒன்று நன்றாக இருந்தாலே போதும். இரண்டுமே பழுதாக இருந்தால்தான் இதயம் இரண்டாக நிற்கும். அப்பா மீன், அம்மா மீன் இரண்டும் நன்றாக நீந்திக்கொண்டிருக்கும். ஆளுக்கொரு பழுதான பிரதி உள்ளே இருப்பது அவற்றுக்கே தெரியாது. குஞ்சுகளில் நாலில் ஒன்றுக்குத்தான் இரண்டும் வந்து சேரும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். அமெரிக்காவில் ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். பழுதான கருவின் இதயச் செல்களை எடுத்து நல்ல கருவில் வைத்தால் அவை ஒழுங்காக நடுவுக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. நல்ல செல்களைப் பழுதான கருவில் வைத்தால் அவற்றாலும் சேர முடியவில்லை. குறை நகர்ந்து வருகிற செல்களில் இல்லை. சுற்றி இருப்பவை வழி விடவில்லை. இதைப் படித்தபோது உன் ஞாபகம்தான் வந்தது.

நம் குழந்தைக்கும் இதே குறைதான் என்று என்னால் சொல்ல முடியாது. மனித இதயம் கெடுவதற்கு வேறு நூறு வழி இருக்கிறது. ஆனால் நீ குடம் தூக்கியதாலும் மாங்காய் தின்றதாலும் இல்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

அண்ணனுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அம்மா எதிரில் உரக்கப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

தேவி

*

ஊரிகம்
1 அக்டோபர் 2000

அன்புள்ள தேவி,

இன்று சர்ச்சிலிருந்து திரும்புகிற வழியில் ஃப்ளோரா அக்கா என்னைப் பார்க்க வந்தாள். உன் கடிதத்தை உன் அண்ணன் படித்த கதையைச் சொன்னாள். "நல்லாத்தான் படிச்சிக்கினு வந்தாரும்மா. அப்பான்னு ஒரு வார்த்த வந்திச்சி. ஒடனே இருமலு. இருமி முடிச்சதும் 'இப்படிக்கு தேவிகா'ன்னுட்டாரு. அவ்ளோ சின்ன லெட்டரா எழுதிச்சி அந்தப் பொண்ணு?" என்று என்னிடமே கேட்டாள்.

சிரித்துவிட்டேன். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன். அவள் போன பிறகு அழுதேன்.

அவரைத் திட்டி எழுதாதே. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று இங்கே தினமும் பேச்சு. கேஜ் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொரு நாளும் நாளைக்கு இறங்குவோமா என்று தெரியாமல் இறங்குகிறார்கள். இந்த நேரத்தில் தன் உடம்பிலும் ஒரு குறை இருக்கலாம் என்று தாயின் எதிரில் வாய்விட்டுப் படிக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. எனக்கு இது புரிகிறது. கோபம் வரவில்லை என்று மட்டும் பொய் எழுத மாட்டேன். என்னை வெளியே அனுப்பிய வரியை இரண்டு தடவை படித்தவர், என்னைத் திரும்பக் கூப்பிடுகிற வரியை விழுங்கிவிட்டார்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். நான் செய்தது இல்லை என்று அந்த வீட்டில், அதே இடத்தில், உரக்கச் சொல்ல வேண்டும். அது நடக்காமல் அவர் வந்து காலில் விழுந்தாலும் நான் போக மாட்டேன்.

ஒரு சந்தேகம். நீ சொல்கிற பழுது ஊரில் எல்லாருக்கும் இருக்காது இல்லையா? அப்படியானால் ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருப்பது எங்கள் இரண்டு பேருக்கும் எப்படி ஒன்றாக வந்தது? போன கடிதத்தில் இதை எழுத வந்து நீ நிறுத்திக்கொண்டாய் என்று எனக்குத் தோன்றுகிறது.

சுமா

*

பெங்களூர்
8 அக்டோபர் 2000

அன்புள்ள சுமா,

கணக்கில் உனக்கு எப்போதும் என்னைவிட இரண்டு மார்க் அதிகம். நிறுத்திக்கொண்டேன் என்பது உண்மை.

எங்கள் தொட்டியில் பழுதான மீன்களை எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்று சொல்கிறேன். ஒரே வம்சத்தில் வந்த ஆணையும் பெண்ணையும் சேர்த்து முட்டையிட வைக்கிறோம். வெளி மீனோடு சேர்த்தால் பழுது வெளியே தெரியாமல் பல தலைமுறை ஓடிவிடும். ஒரே வம்சத்துக்குள் சேர்த்தால்தான் இரண்டு பாதியும் ஒரே குஞ்சில் வந்து சேரும்.

என் அம்மாவும் உன் அப்பாவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். தாத்தாவிடமோ பாட்டியிடமோ அந்தப் பழுது இருந்திருந்தால் அம்மா வழியாக அண்ணனுக்கும், மாமா வழியாக உனக்கும் வந்திருக்கலாம். ஆயிரத்தில் ஒருவர் என்ற கணக்கு நம் வீட்டுக்குப் பொருந்தாது.

அண்ணனுக்கு வந்திருந்தால் எனக்கும் வந்திருக்கலாம். உனக்கு வந்திருந்தால் உன் அண்ணனுக்கும், என் மனோகர் அத்தானுக்கும் வந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. கண்டுபிடிக்க இன்றைக்கு ஒரு வழியும் இல்லை.

சின்ன வயதிலிருந்து அத்தானை நான்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். படித்த பெண் இதையெல்லாம் ஏற்க மாட்டாள் என்று இங்கே தோழிகள் நினைக்கிறார்கள். எனக்கு அவரை உண்மையிலேயே பிடிக்கும் சுமா. ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் போன தடவை பேனாவை மூடிவிட்டேன்.

தீபாவளிக்கு வருகிறேன். அண்ணன் இருமிய கடிதத்தை நானே உரக்கப் படிக்கிறேன். பாதியைப் படித்தால் நீ கேட்டதையே அவர்களும் கேட்பார்கள். கேட்டால் மீதியையும் சொல்ல வேண்டியிருக்கும்.

தேவி

*

ஊரிகம்
14 அக்டோபர் 2000

தேவி,

வேண்டாம். இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன், ஆய்வுக்கூடத்தில் யாரிடமும் படித்துக்காட்டாதே.

அப்பா உங்கள் கல்யாணத்துக்குத் தை மாதத்தில் நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். மனோகர் அண்ணன் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து இரும்புத் தகட்டை அறுத்து, வளைத்து, உனக்குப் புத்தக அலமாரி செய்துகொண்டிருக்கிறான். இவ்வளவு பெரிய அலமாரியை எந்த வீட்டில் வைப்பாய் என்று கேட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே போகிறான். அதற்குப் பச்சை வண்ணம் அடிப்பதா நீலம் அடிப்பதா என்று என்னைக் கேட்கிறான்.

நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். போன கடிதத்தில் வீராப்பாக எழுதிவிட்டேன். ஒரு வருடம் போனால் அத்தையே மறந்துவிடுவாள், உன் அண்ணன் ஒரு நாள் வந்து கூப்பிடுவார், நானும் எதுவும் கேட்காமல் போய்விடுவேன். எத்தனை பெண்கள் அப்படிப் போகவில்லை? எனக்குப் போனது போனதுதான். உனக்கு இருப்பதையும் நீயே போக்கிக்கொள்ளாதே. நீங்கள் கல்யாணம் செய்துகொண்டால் பழுது வந்தே தீரும் என்று இல்லையே? நாலில் மூன்று நல்ல குஞ்சு என்று நீதானே எழுதினாய்?

என் தலையில் இருக்கிற பழி இருந்துவிட்டுப் போகட்டும். அது எனக்குப் பழகிவிட்டது. படிக்காதே தேவி.

சுமா

*

பெங்களூர்
3 நவம்பர் 2000

அன்புள்ள சுமா,

படித்துவிட்டேன். உனக்கு இதற்குள் சேதி வந்திருக்கும்.

நீ எழுதியது பெரிய மனசு. ஆனால் பழி பழகிவிட்டது என்ற வரியைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. உன்னை அந்த வீட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு உன் அண்ணனோடு நான் எப்படி வாழ்வேன்?

அம்மா முதலில் நம்பவில்லை. "ஆம்பளைக்கு இன்னாடி கொற?" என்று கத்தினாள். அண்ணன் தலையைத் தூக்கவில்லை. நான் நிறுத்தாமல் படித்தேன். ஃப்ளோரா அக்கா வாசலுக்கே வந்து நின்று கேட்டாள். தீபாவளிப் பலகாரத் தட்டோடு வந்த மாமாவும் கேட்டார். முடித்ததும், "அப்போ உனுக்கும் என் புள்ளைக்கும்?" என்று நிதானமாகக் கேட்டார். பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. "தெரியல மாமா. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றேன். "ஒரு கொழந்தைய நான் தூக்கிக்கினு போயி பொதச்சேன். போதும்மா" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அத்தான் ஸ்டேஷன் வரைக்கும் வந்தார். ரயில் கிளம்பும்போது ஜன்னலோரம் கொஞ்ச தூரம் நடந்து வந்து, "ஜன்னல சாத்திக்க, பனி" என்றார். பங்காரப்பேட்டை வருவதற்குள் அழுது முடித்துவிட்டேன்.

தேவி

*

சாம்பியன் ரீப்ஸ்
11 மார்ச் 2001

அன்புள்ள தேவி,

இத்தனை நாள் உனக்கு எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. எழுதினால் மனோகர் அண்ணனைப் பற்றி எழுத வேண்டியிருக்கும்.

முதலில் என் சேதி. பொங்கல் முடிந்து உன் அண்ணன் ஊரிகத்துக்கு வந்தார். "வா சுமா, போலாம்" என்றார். படித்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்றேன். சட்டைப் பையிலேயே உன் கடிதத்தை வைத்திருந்தார். அப்பா, அம்மா, அண்ணன் எல்லார் எதிரிலும் முதலிலிருந்து கடைசி வரை படித்தார். இருமவில்லை. அப்பா என்ற இடத்தில் குரல் உடைந்தது, ஆனாலும் படித்தார். அதன் பிறகு குழந்தையை நினைத்து முதல் தடவையாக எங்கள் எதிரில் அழுதார். நான் பெட்டியைக் கட்டினேன்.

அத்தை மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. இப்போது எனக்கு முதலில் சோறு போடுகிறாள், அவ்வளவுதான். இன்னொரு குழந்தையைப் பற்றி உன் அண்ணனும் நானும் வாயைத் திறப்பதில்லை. நாலில் ஒன்று என்று நீ எழுதியது இந்த வீட்டில் எங்கள் கூடவே படுத்துத் தூங்குகிறது.

சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பத்திரிகையில் பார்த்திருப்பாய். மார்ச் முதல் நாள் காலையில் ஷிப்டுச் சங்கு ஊதவில்லை. உன் அண்ணன் வழக்கமான நேரத்துக்கு எழுந்து, குளித்து, உடுத்திக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பெங்களூரில் வாட்ச்மேன் வேலை இருக்கிறதாம். போகிறேன் என்கிறார்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். அண்ணனுக்குப் பெண் பார்த்துவிட்டார்கள். குடியாத்தத்துப் பெண், பெயர் வாணி. நமக்கு எந்த வழியிலும் சொந்தமில்லை என்று அப்பா மூன்று பேரை விட்டு விசாரித்துவிட்டுத்தான் தட்டு மாற்றினார். வைகாசியில் கல்யாணம். அண்ணன் அந்த அலமாரியை ஒரு நாள் தொழிற்சாலை நண்பர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தான்.

தாலி கட்டும்போது முதல் முடிச்சை அவன் போடுவான். மற்ற இரண்டும் கூடப் பிறந்தவள் போட வேண்டும். அது நான். எனக்காக வாயைத் திறந்து நீ இழந்த இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருப்பாள், அவள் கழுத்தில் நான் முடிச்சுப் போட வேண்டும். என்னால் முடியாது. நீ ஒரு வார்த்தை எழுது. அன்றைக்குக் காய்ச்சல் என்று படுத்துக்கொள்கிறேன்.

சுமா

*

பெங்களூர்
18 மார்ச் 2001

அன்புள்ள சுமா,

கல்யாணச் சேதியை உன்னிடமிருந்து கேட்டதில் எனக்கு நிம்மதி. வலிக்கவில்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் எழுதவில்லை.

என் ஆய்வு இன்னும் முடியவில்லை. அந்தப் புரதம் இல்லாத குஞ்சுகளை இன்றைக்கும் பார்த்தேன். அண்ணன் பெங்களூர் வந்தால் என்னிடம் வரச் சொல், இங்கே காவலுக்கு ஆள் கேட்கிறார்கள். நீயும் வந்துவிட்டால் எனக்குப் பேச்சுத்துணை ஆகும்.

வைகாசியில் நான் வர மாட்டேன். யாராவது கேட்டால் மீனுக்குத் தீனி போட ஆளில்லை என்று சொல்லிவிடு. ஆனால் நீ போக வேண்டும். காய்ச்சல் எல்லாம் வேண்டாம்.

வாணி எதுவும் அறியாதவள். புது வீடு, புது மனிதர்கள், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். பின்னால் நிற்கிற உன் கை நடுங்கினால் அது அவள் கழுத்துக்குத் தெரியும். நாத்தனாருக்கு ஏன் நம்மைப் பிடிக்கவில்லை என்று நினைப்பாள். நான் எதைச் செய்தேன், எதைச் செய்யாமல் விட்டேன் என்று தனக்குள்ளேயே தேடிக்கொண்டிருப்பாள். அந்தத் தேடல் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

அதனால் இரண்டு முடிச்சையும் நன்றாக இறுக்கிப் போடு, சுமா.

தேவி